வெள்ளைச் சட்டையின் பொத்தான்கள்

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அவர் தப்பை அப்புறம் சொல்கிறேன்.

ஊனப் பென்ஷனுக்காக என் வீட்டுக்காரரை டாக்டர்கள் முன்னால் நிறுத்த வேண்டிய நாளுக்கு முந்தின நாள், நான் அவர் தலைக்குச் சாயம் பூசினேன். பக்கவாதம் வந்த எட்டு மாதத்தில் முடி முழுக்க நரைத்துப்போயிருந்தது. பின்கட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பழைய பல் துலக்கியால் ஒவ்வொரு மயிராகக் கறுப்பாக்கினேன். மறுநாள் காலையில் சவரம் செய்துவிட்டேன், நகம் வெட்டினேன். மகள் கல்யாணத்துக்கு வாங்கின வெள்ளைச் சட்டையை இரண்டு தரம் தேய்த்து மாட்டி, ஏழு பொத்தானையும் நானே போட்டு, நெற்றியில் விபூதி பூசி, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன்.

"மாப்ள மாதிரி இருக்கீங்க," என்றேன்.

நான் மடச்சி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். கவர்மெண்டு ஆபீசுக்குப் போவதென்றால் குளித்து, சீவி, உள்ளதில் நல்லதை உடுத்திக்கொண்டு போக வேண்டும். அழுக்காகப் போனால் நாற்காலியில் உட்காரச் சொல்ல மாட்டார்கள் என்று என் அம்மா சொல்லுவாள். அவள் சொன்னது அவள் காலத்துத் தோட்ட ஆபீஸ் கிராணிகளைப் பற்றி. அதை நான் இந்தக் காலத்து மெடிக்கல் போர்டுக்குக் கொண்டுபோனேன்.

சாயத்தோடு நிற்கவில்லை என் புத்திசாலித்தனம். பென்ஷன் விண்ணப்பப் பாரத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி. தானாகக் குளிப்பாரா, தானாக உடுத்துவாரா, தானாகக் கக்கூசுக்குப் போவாரா. நான் மலாயில் ஐந்தாம் பாரம் வரை படித்தவள்தான், கேள்வி புரியாமல் இல்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் புருஷனுக்கு நான்தான் கால் கழுவி விடுகிறேன் என்று முன்பின் தெரியாதவனுக்கு எப்படி எழுதிக் கொடுப்பது? எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று கோடு போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

கோலா கெத்தில் பக்கத்தில் ஒரு தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று வாய் பழக்கத்தில் வருகிறதே தவிர, ஒரு பிடி மண்கூட எங்களுடையது இல்லை. அவர் முப்பத்தொரு வருஷம் அங்கே செம்பனைக் குலை வெட்டினார். நீளக் கம்பியின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி இழுக்க வேண்டும். குலை விழும்போது தெறிக்கிற உதிரிப் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் போட்டது நான். இருபது வருஷம் பொறுக்கினேன். என் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. புருஷன் வெட்டுவான், பெண்டாட்டி பொறுக்குவாள், கணக்கு ஒரே பெயரில் போகும். அதுதான் வழக்கம். அப்போது அது எங்களுக்குத் தப்பாகவும் தெரியவில்லை. அதனால் எனக்கென்று பென்ஷன் கிடையாது, சேமிப்பு கிடையாது. என் முதுகு வலியும்கூட அவர் பெயரில்தான் இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பேன்.

பக்கவாதம் வந்த அன்றைக்கும் அவர் சும்மா இருக்கவில்லை. கம்பி கையை விட்டு நழுவி விழுந்தது. எடுத்தார், மறுபடியும் விழுந்தது. "என்னங்க, வாய் கோணிக்கிட்டுப் போவுது," என்று நான் கத்தினேன்.

"ஒண்ணுமில்ல புள்ள, வெயிலு," என்றார். அந்த வரிசையில் மிச்சமிருந்த மரங்களை இடது கையால் வெட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரி. முன்னமே வந்திருந்தால் கை இவ்வளவு கெட்டிருக்காது என்றார் அங்கிருந்த டாக்டர். எனக்கு அந்த டாக்டர் மேல் கோபம் வரவில்லை. கட்டிலில் கிடந்தவர் மேல்தான் வந்தது.

வலது கையைத் தோளிலிருந்து தூக்குவார், விரல்கள் பிடிக்காது. வலது கால் இழுக்கும். ஐம்பத்து நான்கு வயது. தோட்டத்தில் ஆறு மாதம் பார்த்துவிட்டு, கடிதம் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. தீபாவளிக்குள் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பட்ட காலிலே படும் என்பது சும்மா இல்லை. மகள் ஜொகூரில் ஒரு அறையில் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறாள், அவளிடம் போய் எங்கே படுப்பது? கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். பட்டணத்தில் ஒரு சின்ன வீடு பிடிக்க வேண்டுமென்றால் மாதாமாதம் ஏதாவது வர வேண்டும். அது வருவதற்கு இருந்த ஒரே வழி அந்த ஊனப் பென்ஷன். அது இல்லையென்றால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை.

முதல் தடவை சுங்கை பட்டாணியில் போர்டு. என்னை வெளியே இருக்கச் சொன்னது அவர்தான். "நீ இரு. நான் பேசிக்கிறேன்," என்றார். நானும் இருந்தேன். கதவு மூடிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"கைய தூக்க முடியுமான்னாரு, தூக்குனேன். நடக்க முடியுமான்னாரு, நடந்து காட்டுனேன். நல்ல மனுசன் லா. பாக்சிக் செகாட்னு சொன்னாரு."

பெரியவர் திடமாக இருக்கிறார் என்று டாக்டர் சொன்னாராம். அதில் இவருக்குப் பெருமை. எனக்கு அது நல்லதாகப் படவில்லை. ஆனாலும் கையைத் தூக்கினால் என்ன, விரலைப் பார்த்திருப்பார்கள், ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் இருக்கிறதே என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தே தாரிக் வாங்கிக் குடித்தோம். அவர் இடது கையால் குவளையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று குடித்தார்.

கடிதம் வந்தது. சமையலறையில் நின்றபடியே படித்தேன். விண்ணப்பதாரர் இன்னும் வேலை செய்யக்கூடிய நிலையில் இருக்கிறார், ஆகவே விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. நான்கு வரிதான். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அதை அணைக்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுத முடியாது. லயம் முழுக்கக் கேட்டது. "உங்கள யாருய்யா கைய தூக்கச் சொன்னா? கொடியேத்தவா கூப்டாங்க?" என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனேன். அவர் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெல்லச் சொன்னார்.

"அவரு கேட்டாரு புள்ள. அதான் தூக்குனேன்."

அவ்வளவுதான். அதில் வேறு கள்ளம் கபடம் இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பத்தொரு வருஷம் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்ற மனுஷன். வேலை வாங்குகிற மண்டோர் பெயரைக் கூப்பிட்டு, "போலே?" என்பார். முடியுமா என்று அர்த்தம். காய்ச்சலோ, இடுப்புப் பிடிப்போ, முதல் நாள் தலையில் மட்டை விழுந்ததோ, எதுவானாலும் பதில் "போலே". முடியாது என்று சொன்னவனை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அவனுடைய நல்ல வரிசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. நானும்தான். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு சாக்குத் தூக்கியபோது மண்டோர் என்னைப் பார்த்துக் கேட்டார், நானும் "போலே" என்றுதான் சொன்னேன். பாரத்தில் நான் போட்ட கோடு மட்டும் வேறு என்னவாம்?

மறுவாரம் நான் மட்டும் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் எங்கள் தமிழ் ஆள் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும். கடிதத்தைப் பார்த்தாள். பாரத்தின் நகலைப் புரட்டிப் பார்த்தாள். அந்தக் கேள்விப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"அக்கா, இதெல்லாம் அண்ணன் தானாவே செய்வாரா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இல்லம்மா."

"பின்ன ஏங்கக்கா இப்படிப் போட்டீங்க?"

"வெக்கமா இருந்திச்சு."

அவள் கோபப்படவில்லை. பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான். "நெறைய பேரு இப்படித்தான் செய்றாங்கக்கா. ரயுவான் போடுங்க, அலோர் ஸ்டார்ல வேற போர்டு பாப்பாங்க. இந்தத் தடவ முடியாததை முடியாதுன்னு சொல்லச் சொல்லுங்க. நீங்களும் கூடவே உள்ள போங்க." ரயுவான் என்கிற மேல்முறையீட்டுப் பாரத்தை எடுத்துக் கொடுத்தாள். அதே கேள்விகள். இந்தத் தடவை உண்மையை எழுதினேன். எழுதி முடித்ததும் அந்த ஆபீஸ் கக்கூசுக்குள் போய் அழுதேன்.

பிறகு வீட்டில் ஒத்திகை. வாழ்க்கையில் நாங்கள் சேர்ந்து செய்த வேலையிலேயே கேவலமான வேலை அது. நான் நாற்காலியில் டாக்டர் மாதிரி உட்காருவேன். "பாக்சிக், போலே கெர்ஜா?" வேலை செய்ய முடியுமா?

"தாக் போலே," என்பார். முடியாது. வீட்டில் சுலபமாகச் சொன்னார். கோழியைப் பார்த்துக்கூடச் சொல்லிப் பார்த்தார். எங்களுக்கே சிரிப்பு வந்தது. ஒரு நாள் அவரே கேட்டார், "இந்தா, பொய் சொல்ற மாதிரி இல்ல?"

"பொய்யா? உங்க கைய பாருங்க!"

பார்த்தார்.

அலோர் ஸ்டாருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காரில் போனோம். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. சாயம் வெளுத்துப்போய் முடி பாதி வெள்ளை, பாதி செம்பட்டையாக இருந்தது, நான் தொடவில்லை. சவரமும் செய்யவில்லை. ஆனால் கிளம்புகிற நேரத்தில் அந்த வெள்ளைச் சட்டையை அவரே எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "இதயாச்சும் போட்டு வுடு," என்றார். மனசு கேட்கவில்லை. ஏழு பொத்தானையும் போட்டுவிட்டேன். பெண்டாங் பக்கம் வயலெல்லாம் பச்சையாக இருந்தது. வழி நெடுக அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த டாக்டரம்மா மரியாதையானவர். எங்களை உட்காரச் சொன்னார், கோப்பைப் படித்தார், பிறகு நிமிர்ந்து இவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"பாக்சிக், மாசே போலே கெர்ஜா?"

இன்னும் வேலை செய்ய முடியுமா. இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரட்டுக் களத்தில் நிற்கிற மாதிரி தோளை விரித்தார். வாயைத் திறந்தார். நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"போலே... சிக்கிட்-சிக்கிட்," என்றார்.

முடியும், கொஞ்சம் கொஞ்சம். ஐயோ, என் தலையில் இடி விழுந்தது. டாக்டரம்மா ஏதோ எழுதக் குனிந்தார். அந்தப் பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. மலாயும் தமிழும் கலந்து கொட்டினேன். இவருக்குச் சோறு பிசைந்து கொடுப்பது நான், கக்கூசில் விழுந்து கிடந்தவரைத் தூக்கினது நான், கழுவிவிடுவது நான், பொய் சொல்கிறார் டாக்டர், இவருக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "வுடு புள்ள, வுடு, மானம் போவுது," என்றார். அப்போதுதான் நான் அதைச் செய்தேன்.

அவர் பக்கம் திரும்பி, சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். மேலிருந்து கீழ் வரைக்கும் ஏழையும். மூன்று அந்நிய ஆட்கள் முன்னால் என் புருஷனின் மார்பைத் திறந்து போட்டேன். உள்ளே கிழிந்த பனியன்.

"போடச் சொல்லுங்க," என்றேன் மலாயில். "இவரையே போடச் சொல்லுங்க."

டாக்டரம்மா சொல்வதற்குள் இவர் தானாகவே ஆரம்பித்துவிட்டார். இடது கையால் மேல் பொத்தானைப் பிடித்தார். வலது கை விரல்கள் துணியைப் பற்ற வேண்டும், பற்றவில்லை. சட்டை நழுவியது. மறுபடியும் பிடித்தார். பொத்தான் ஓட்டை வரைக்கும் வந்து வழுக்கியது. நெற்றியில் வேர்வை. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, உயரமான மரத்துக் குலையைப் பார்க்கிற அதே கவனத்தோடு குனிந்து அந்தப் பொத்தானைப் பார்த்தார். ஒரு நொடி வேலை எனக்கு. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்து இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"சுக்குப், பாக்சிக்," என்றார் டாக்டரம்மா. போதும் என்றார். இவர் கேட்கவில்லை. டாக்டரம்மா இன்னொரு தரமும் சொன்னார். இவர் அப்போதும் நிறுத்தவில்லை. வரிசை முடியாமல் கம்பியைக் கீழே வைக்கிற ஆள் இல்லையே. கடைசியில் நான்தான் போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். கை சில்லிட்டிருந்தது. பொத்தானைப் போட்டுவிட்டேன், என் கண்ணீர் அவர் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியில் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, ஒன்பது நாள் பேசவில்லை. நான் சோறு பிசைந்தால் சாப்பிட்டார். சட்டை போட்டுவிட வந்தால் தள்ளிவிட்டார். வெற்று உடம்போடு படியில் உட்கார்ந்திருப்பார். மன்னிச்சிடுங்க என்று ஒரு தரம் சொன்னேன். கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை.

தீபாவளிக்கு எட்டு நாள் முன்னால் கடிதம் வந்தது. கிடைத்துவிட்டது. நான் அதை மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டேன். அவர் அறைக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டார்.

"என்னன்னு எழுதியிருக்கு?"

நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர் என்று எழுதியிருந்தது. தேவைப்பட்டால் மறுபடியும் பரிசோதனைக்கு அழைக்கப்படலாம் என்று கீழே ஒரு வரி. முதல் வரியை மட்டும் படித்துக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "பேர அடிச்சிட்டாங்க," என்றார். பெரட்டுக் களத்தில் ஆள் செத்தாலோ ஓடிப்போனாலோ பெயரை அடிப்பார்கள். கீழ் வரியை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அது என் வயிற்றிலேயே கிடக்கிறது. கவர்மெண்டு கடிதம் எது வந்தாலும், மறுபடி கூப்பிட்டுவிட்டார்களோ என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

இப்போது சுங்கை பட்டாணியில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். வாடகை வீடு, மேல்மாடி. நான் காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கீழே விற்கிறேன். மாதாமாதம் பணம் வருகிறது. அவர் பேசுகிறார். முன்னைப் போல இல்லை, ஆனால் பேசுகிறார். நான் கீழே இருக்கிற நேரத்தில் மேலே என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு நாள் பொட்டலமெல்லாம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. படியேறி மேலே வந்தால், வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. நடைபாதையில் அக்கம்பக்கத்து ஆட்கள் போய்வருகிற இடத்தில், அந்த வெள்ளைச் சட்டையோடு அவர் எனக்காகக் காத்திருந்தார். சட்டை கொஞ்சம் கோணலாக இருந்தது. மேல் பொத்தான் மட்டும் மாட்டியிருந்தது.

"நானே போட்டேன் புள்ள," என்றார். "ஒத்தக் கையால. மூணு மாசமா பழகுறேன். பாரு." வாய் இன்னும் ஒரு பக்கம்தான் சிரிக்கும். அந்த ஒரு பக்கம் முழுக்கச் சிரித்தது.

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கையில் பிடித்திருந்த காலிக் கூடையைக் கீழே வைத்தேன். நடைபாதையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்த்தேன். அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"யார்கிட்டயும் காட்டாதீங்க," என்றேன்.

அவர் இடது கையை உயர்த்தி அந்தப் பொத்தானைக் கழற்றினார். போடுவதற்குத்தான் மூன்று மாதம் ஆகியிருந்தது.